விழாத இடி

எங்கள் அடுக்குமாடியில் எனக்குக் ‘கரண்டு டாக்டர்’ என்று பெயர். முனைவர் பட்டம் வாங்கியதால் டாக்டர். பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பிப்பதால் கரண்டு. லிஃப்டில் ஏறினால் போதும், யாராவது ஒருவர் தம் வீட்டு ஹீட்டருக்கு என்ன நோய் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். எனக்கு ஹீட்டரைக் கழற்றவும் தெரியாது, மாட்டவும் தெரியாது. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

“இவ்ளோ படிச்சிட்டு ஒரு ஹீட்டர் பாக்க மாட்டேங்கிறீங்களே, டாக்டரு. என்னா லா இது,” என்று கீழ்மாடி அண்ணன் ஒருவர் கோபித்துக்கொண்டு வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அவருக்கு எப்படி விளக்குவது? நான் படித்தது சுவருக்குள் ஓடும் கரண்டு அல்ல, வானத்திலிருந்து வருகிற கரண்டு. மின்னல்தான் என் பாடம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது ஒன்றைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில், உயரமான ஒரு மாடியில், நானும் அக்காவும் குடியிருக்கிறோம். அக்கா காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “அவ மின்னலக் கட்டிக்கிட்டா” என்று அக்காவே பதில் சொல்லி வாயை அடைத்துவிடுவாள். எங்கள் பால்கனியில் நின்றால் கடல் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், பிறை என்கிற ஊர்: தொழிற்சாலைக் கூரைகள், எண்ணெய்த் தொட்டிகள், மின்நிலையம். அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, மூடிப்போன ஆலை ஒன்றின் புகைபோக்கி தனியாக நின்றது. நான் சொல்லப்போவது முழுக்க அந்தப் புகைபோக்கியைப் பற்றித்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். மாணவியாக இருந்தபோது ஒருநாள் எங்களை உயர் மின்னழுத்தக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மின்தேக்கிகள், எதிரே ஓர் உலோகக் கோளம், இடையில் வெறும் காற்று. விளக்கை அணைத்தார்கள். மின்னழுத்தம் ஏற ஏற ஒரு சீறல் கேட்டது. என் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. பிறகு ஒரு வெடிப்பு. ஒன்றுமே இல்லாத இடத்தில், என்னைவிட நீளமான ஒரு வெள்ளைக் கோடு வந்து மறைந்தது. தோழிகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் காற்றுக்குள் இப்படி ஒரு வழி திறக்கும், கண் இமைப்பதற்குள் மூடிக்கொள்ளும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்த பிறகும் சோறு இறங்கவில்லை. அக்கா காதலோ என்று சந்தேகப்பட்டாள். பெரிய தவறில்லை.

அந்தப் பிரமிப்பை வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் ஓட்டினேன். பல்கலைக்கழக வேலை என்றால் ஜனங்கள் என்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு கூட்டம், கூட்டம் முடிந்ததும் ஆறிப்போன கரிபாப், அதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொரு கூட்டம். முதலாண்டு மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடம், மலை மலையாக விடைத்தாள்கள், நிதி கேட்டு விண்ணப்பங்கள், தினமும் பாலம் தாண்டிப் பெருநிலத்துக்கு ஓட்டம். எரிச்சல் தலைக்கேறும்போது, மாணவர்களுக்குக் காட்டுகிறேன் என்று சாக்குச் சொல்லி, கூடத்துக்குப் போய் ஒரு பொறியை வெடிக்கவிட்டுப் பார்ப்பேன். கோபம் போய்விடும்.

என்றாலும் கூடத்துப் பொறி நாமே செய்து நாமே பார்ப்பது. தன் இஷ்டத்துக்கு வருகிற நிஜ மின்னல் ஒரே ஒரு முறை என் கருவி வழியாகப் போக வேண்டும், அதன் மின்னோட்டத்தை நான் அளக்க வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. எங்கள் வானம் இடிக்குப் பஞ்சமில்லாத வானம். பருவக்காற்று திரும்புகிற மாதங்களில் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், பிறகு மலைப்பக்கம் கறுக்கும், வீட்டுக்குப் போகும் நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். இவ்வளவு இடி இருந்தும், நாங்கள் பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் எண்களில் பாதி குளிர்நாட்டுக் கோபுரங்களில் அளந்தவை. எங்கள் மின்னலை எங்கள் மண்ணிலேயே அளந்தால் என்ன என்று எனக்குள் ஒரு ரோஷம்.

அதற்குத்தான் அந்தப் புகைபோக்கி. அதன் உச்சியில் இடிதாங்கி இருந்தது. அதிலிருந்து செம்புப் பட்டை ஒன்று சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போனது. நிலத்துக்காரர்களிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கி, அந்தப் பட்டையில் ஓர் அளவியைப் பொருத்தினேன். அடிவாரத்தில் ஒரு சிறு கொட்டகை, அதற்குள் பதிவுக் கருவி. கருவி எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரே அடியாக வந்தால் மட்டும் விழித்துக்கொண்டு பதிவு செய்யும். அப்படித்தான் நான் அமைத்தேன். பக்கத்துப் பட்டறையில் மோட்டார் ஓடினால்கூட விழித்துக்கொள்கிற கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடி விழுந்தால் விழிக்கட்டும், அதுவரை தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது தூங்கியது. ஒரு பருவம் போனது, இன்னொன்று போனது, அதற்கடுத்ததும் போனது. வானம் கிழியக் கிழிய இடித்த மாலைகளில் நான் பல்கலைக்கழக அறையில் கணினித் திரைக்கு முன்னால் காத்துக்கிடந்தேன். திரையில் ஒன்றும் வராது. கருவி பழுதோ என்று போய்ச் சோதித்தால் அது பழுதில்லாமல் இருக்கும். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தேன். தேர்வுக் குழுவில் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். முக்கியச் சோதனைக்கு முடிவு எங்கே என்று கேட்டார்கள். நான் இணைப் பேராசிரியராகவே வெளியே வந்தேன். துறைத் தலைவர் ஆறுதலாகத் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

பிறகு நிலம் கைமாறிவிட்டதாகச் செய்தி வந்தது. ஆண்டு முடிவதற்குள் புகைபோக்கியை இடிக்கப் போகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடிப் பருவம். அதற்குள் ஒரு பதிவாவது கிடைக்காவிட்டால் என் வாழ்நாள் வேலை ஒரு வெற்றுத் திரையோடு முடியும். ஓய்வு வயது நெருங்கிவிட்டது, இன்னொரு புகைபோக்கியைத் தேட எனக்கு நேரமில்லை. அந்த நாள்களில் எனக்குத் தூக்கம் போய்விட்டது, நாக்கும் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதில் அதிகம் அடிபட்டவள் அக்கா.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்த பழக்கம்தான்: இடி இடித்தால் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்ல வேண்டும். சொன்னால் இடி நம்மை விட்டுவிடும். மின்னல் வெட்டியதும் அக்கா வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பாள். சத்தம் வந்ததும் சொல்வாள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து இடியின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று நான் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா அந்த இடைவெளியில் அர்ச்சுனனுக்காகக் காத்திருப்பாள்.

அந்தக் கடைசிப் பருவத்தின் தொடக்கத்தில், ஒரு மாலை, பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

“அடியே, உன் சிம்னியில இடி விழுந்துருச்சு! என் கண்ணால பார்த்தேன்.”

திரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. “சத்தம் கேட்டுச்சா?” என்றேன்.

“அதான் இல்ல லா. அர்ச்சுனா சொல்ல வாயத் தொறந்துகிட்டே நின்னேன். வரவே இல்ல.”

“அப்ப அது இடியே இல்லக்கா. சிம்னிக்குப் பின்னால, எங்கயோ தூரத்துல மேகத்துக்குள்ள மின்னியிருக்கு. உனக்கு சிம்னி மேல விழுந்த மாதிரி தெரிஞ்சிருக்கு.”

போனை வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அதே அழைப்பு, அதே பேச்சு. சிம்னியில் விழுந்தது, சத்தம் வரவில்லை. என் திரையில் ஒன்றும் இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் பொறுமை போய்விட்டது.

“உனக்குக் கண்ணு சரியில்லக்கா,” என்றேன்.

“எனக்கு கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணியாச்சு. உனக்குத்தான் இன்னும் பண்ணல,” என்றாள் அவள்.

அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டு சத்தத்தோடு மேசைக்கு வரும், சத்தத்தோடு போகும். அதில் ரசம் மட்டும் எப்போதையும்விட நன்றாக இருந்தது; கோபம் வந்தால் அவளுக்குக் கை மணக்கும்.

அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. என் வாயை அடைக்கத் தன் கைப்பேசியைப் பால்கனிக் கம்பியில், துணி காய்கிற இடத்துக்குப் பக்கத்தில், துணிக் கிளிப்புகளால் கட்டி வைத்தாள். மேகம் கூடினால் படம் எடுக்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு சனிக்கிழமை மாலை, விளக்கேற்றுகிற நேரம், நான் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து கைப்பேசியை விடைத்தாள் மேலேயே வைத்தாள்.

“பாரு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். நீயே பாரு.”

பேச்சு நின்ற பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வேண்டாவெறுப்பாகப் பார்த்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினாளோ, படம் மெதுவான வேகத்தில் பதிவாகியிருந்தது. எப்போதோ வந்துபோன பேத்தி ஆடுவதை எடுக்கும்போது மாற்றி வைத்தது, திரும்ப மாற்றத் தெரியவில்லை போலும். மழைத்துளிகள் ஆடி அசைந்து இறங்கின. காய்ந்துகொண்டிருந்த என் சட்டையின் கை காற்றில் மெல்ல மெல்ல உயர்ந்தது. கொட்டாவி வந்தது. தூரத்தில், சாம்பல் நிற வானத்தில், புகைபோக்கி விரல் அளவுக்குத் தெரிந்தது.

அதன் உச்சியில் ஒரு சிறு வெளிச்சம் முளைத்தது.

முளைத்தது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. மேகத்தில் ஒன்றும் இல்லை. வானம் இருட்டாகத்தான் இருந்தது. புகைபோக்கியின் நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம். அடுத்த நொடித்துண்டில் அது சற்று நீண்டது. அடுத்ததில் இன்னும் நீண்டது. பிறகு இரண்டாகப் பிரிந்தது, நான்காகப் பிரிந்தது, கிளை கிளையாக விரிந்து மேலே மேலே போய் மேகத்துக்குள் நுழைந்தது. மேகம் முழுக்க அப்போதுதான் உள்ளிருந்து வெளுத்தது. மரம் ஒன்று கண்ணெதிரே வளர்ந்து முடித்தது போல இருந்தது.

“இன்னொரு தடவ போடு,” என்றேன்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். விழுகிற மின்னலின் கிளைகள் கீழ்நோக்கி விரியும். இதன் கிளைகள் எல்லாம் மேல்நோக்கி விரிந்திருந்தன. சந்தேகமே இல்லை. இது விழவில்லை, எழுந்திருக்கிறது. பிறைச் சதுப்பு மண்ணில் ஊன்றி நின்ற அந்தப் பாழடைந்த புகைபோக்கி தானே வானத்தை நோக்கி ஒரு வழியைத் திறந்திருக்கிறது.

எனக்கு இது தெரியாத விஷயமா? தெரியும். மேல்நோக்கி எழும் மின்னலைப் பற்றி நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அது மலை உச்சியில் நிற்கும் கோபுரங்களில், குளிர்நாடுகளில் நடப்பது என்று ஓர் ஓரமாக வைத்திருந்தேன். எங்கள் ஊரில், கடல்மட்டத்துச் சமதரையில், மின்னல் அப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று அந்த மாலை விடைத்தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தேன். பிறந்ததிலிருந்து என் வாயில் இருந்தது ‘இடி விழும்’. மலாயில் ‘சம்பார்’ என்போம், கோழிக்குஞ்சைப் பருந்து வந்து அள்ளுவதற்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைக்’, ஓங்கி அடிப்பது. மூன்று மொழி பேசுகிறேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மூன்றிலும் அது மேலிருந்து கீழேதான் வந்தது. இத்தனை ஆம்பியருக்குக் குறைந்தால் விழிக்காதே என்று கருவியின் கதவில் நான் காவலுக்கு வைத்த கணக்கும் அதே சொல்லைக் கேட்டு வளர்ந்ததுதான். விழுகிறது என்றால் அடி இருக்கும், அடி என்றால் சட்டென்று பல ஆயிரம் ஆம்பியர். எழுகிறது அப்படி வராது. சில நூறு ஆம்பியரில், நிதானமாக, படி ஏறுவது போல ஏறும். அந்த அடி இல்லாததால்தான் பெரிய சத்தமும் இல்லை. அக்கா வாயைத் திறந்துகொண்டு நின்றதும் என் கருவி தூங்கியதும் ஒரே காரணத்தால்தான்.

“சத்தம் வரலன்னு நீ சொன்னதுதான்க்கா எல்லாத்துக்கும் பதில்,” என்றேன்.

“அப்ப இடி விழுந்துச்சா, இல்லையா? அத மொதல்ல சொல்லு.”

“விழலக்கா. எழுந்துச்சு.”

“என்னாவோ சொல்ற. என் கண்ணு சரியா, இல்லையா?”

“சரிக்கா.”

“அவ்ளோதான் எனக்கு வேணும்,” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் பிறைக்குக் காடியை விரட்டினேன். கருவி விழிக்க வேண்டிய அளவை மிகவும் கீழே இறக்கினேன். இறக்கினால் என்ன ஆகும் என்று பயந்தேனோ அதுவே ஆனது. பக்கத்துப் பட்டறையில் மோட்டார் போட்டாலும் விழித்தது, யாரோ வெல்டிங் வைத்தாலும் விழித்தது. அந்த வாரம் நல்ல இடிமழை வந்தபோது நினைவகம் குப்பையால் நிறைந்து, கருவி வாயை மூடிக்கொண்டு கிடந்தது. அன்று காடிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். புகைபோக்கியைச் சுற்றி அதற்குள் சாரக் குழாய்களை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். துறைத் தலைவர் அழைத்து, கருவிகளை எப்போது கழற்றப்போகிறேன் என்று கேட்டார். கடைசி நாளில் என்று சொன்னேன். எந்த நாள் கடைசி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அழுது முடித்ததும்தான் புத்தி வந்தது. கதவுக்குக் காவல் எதற்கு? எது மின்னல், எது மின்னல் இல்லை என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதற்கு நான் யார்? ஏறுவது நிதானமாக ஏறுகிறது என்றால் அதை நிதானமான வேகத்திலேயே பதியலாம். அப்படிப் பதிந்தால் நாள் முழுக்க நிற்காமல் பதிய இடமும் போதும். விழிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வருவது எதுவானாலும் வரட்டும் என்று கருவியைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன். மின்பொறியியலில் இதெல்லாம் பெரிய சாமர்த்தியம் இல்லை. ஆனால் எனக்கு அன்று கழுத்திலிருந்து ஏதோ கழன்ற மாதிரி இருந்தது.

அடுத்த மேகம் கூடிய மாலை நான் பல்கலைக்கழகத்தில் இருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக, ஓர் இடிமழை நேரத்தில் திரையைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டேன். பால்கனியில் இரண்டு நாற்காலி. அக்கா கடையிலிருந்து நாசி கண்டார் சோற்றைப் பொட்டலமாகத் தாப்பாவ் வாங்கி வைத்திருந்தாள். பிரிக்கக்கூட இல்லை. கடல் கறுத்தது, பிறையின் விளக்குகள் மழைக்குள் மங்கின. ஒரு மின்னல் தெற்கே விழுந்தது, அக்கா அர்ச்சுனா சொன்னாள். இன்னொன்று பாலத்துப் பக்கம். அதற்கும் சொன்னாள்.

பிறகு புகைபோக்கியின் மேல் வெளிச்சம் நின்றது. வெட்டிவிட்டுப் போகவில்லை, நின்றது, துடித்தது, மேகம் வரை கிளை பரப்பி ஒரு கணம் அப்படியே இருந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்திய ஒன்றை நான் அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. அக்கா வாயைத் திறந்து காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“வரல,” என்றாள் அக்கா.

“வரல,” என்றேன் நான். வராததற்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மழை நின்றதும் மடிக்கணினியைத் திறந்து, கொட்டகைக் கருவியிலிருந்து அந்த நேரத்துப் பதிவை இறக்கினேன். அவசரத்தில் இரண்டு முறை கடவுச்சொல்லைத் தவறாக அடித்தேன். திரையில் ஒரு கோடு வந்தது. பூஜ்யத்தில் படுத்துக்கிடந்த கோடு, ஒரு இடத்தில் மெல்லத் தலையைத் தூக்கி, நூறு ஆம்பியர் தாண்டி, இருநூறு, முந்நூறு என்று ஏறி, அங்கே இறங்காமல் நின்று, இடையிடையே துள்ளி, பிறகு, ஏறிய அதே நிதானத்தோடு இறங்கிப் படுத்துக்கொண்டது. மின்னல் கணக்கில் அது ஒரு யுகம். எங்கள் காலடி மண்ணையும் தலைக்கு மேலே உள்ள மேகத்தையும் ஒரே கம்பியாக்கி ஓடிய மின்னோட்டம், என் அளவியின் வழியாகப் போயிருக்கிறது. அதை நான் பார்க்கிறேன். உயர் மின்னழுத்தக் கூடத்தில் கை மயிர் எழுந்து நின்ற அந்தப் பெண் எங்கும் போகவில்லை, இந்த நாற்காலியில்தான் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அப்போதும் மங்கலாகத்தான் தெரிந்தது.

அக்கா தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இந்தக் கோட்டுக்காகவா தூங்காம கொள்ளாம இவ்ளோ சுசா பட்ட?”

“ஆமாக்கா.”

“நான் எடுத்த படம்தான் நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டு ஆறிப்போன பொட்டலத்தைப் பிரித்தாள்.

அந்தப் பருவம் முடிவதற்குள் இன்னும் சில கோடுகள் கிடைத்தன. பிறகு ஒரு காலை, சத்தத்தோடும் புழுதியோடும் புகைபோக்கியை இறக்கிவிட்டார்கள். பால்கனியிலிருந்து இரண்டு பேரும் பார்த்தோம். அத்தனை வருடத்தில் அங்கே உண்மையாகவே விழுந்தது அந்தப் புகைபோக்கி மட்டும்தான்.

ஆய்வுக் கட்டுரையை எழுதினேன். அக்காவின் படத்தை முதல் படமாக வைத்து, அவளையும் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்த்தேன். கட்டுரையை இணையத்தில் ஏற்றும்போது அங்கிருந்த படிவம், ஒவ்வொரு ஆசிரியரும் எந்த நிறுவனம் என்று கேட்டது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போகவே முடியவில்லை.

“அக்கா, நீ எந்த நிறுவனம்?” என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினேன்.

“நான் எந்த நிறுவனம்? ரிட்டையர் ஆயாச்சுல்ல. வீடுன்னு போடு லா.”

போட்டேன். வீடு, சுங்கை பினாங், பினாங்கு. அப்படியே அச்சில் வந்தது.

பேராசிரியர் பதவியும் வந்தது. புதிதாகப் பேராசிரியர் ஆனவர் ஊரார் முன்னால் தம் வாழ்நாள் வேலையைப் பற்றி ஓர் உரையாற்ற வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கியும் தொப்பியுமாக மேடை ஏறினேன். முன்வரிசையில் துறைத் தலைவர், குழுவினர், நடுவில் பட்டுப்புடவையில் அக்கா. வெளியே மாலை நேரம். பக்கவாட்டு ஜன்னல்கள் கறுத்துக்கொண்டு வந்தன. அக்காவின் படத்தைத் திரையில் போட்டு, அது கீழிருந்து மேலே போவதைக் காட்டிக்கொண்டிருந்தேன். மாணவியாக எனக்கு வந்த அந்தப் பிரமிப்பை அரங்கில் அத்தனை முகத்திலும் பார்த்தேன்.

அப்போது ஜன்னலில் வெளிச்சம் வெட்டியது. நான் பேச்சை நிறுத்தினேன். முன்வரிசையில் அக்கா வாயைத் திறந்து தயாராக இருந்தாள். ஏன் நிறுத்தினேன் என்று தெரியாமல் அரங்கமே காத்திருந்தது. இந்த முறை சத்தம் வந்தது, கூரை அதிர வந்தது.

“அர்ச்சுனா, அர்ச்சுனா,” என்றோம் இரண்டு பேரும். என்னுடையது ஒலிபெருக்கியில் போனது.